விளக்கிச் சொல்லாத கருத்தடை நிலைக்காது

யாழ். மாவட்டத்தின் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாத நாட்களும் உண்டு. தீவில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குக் கடல் கடந்தே ஆகவேண்டும். இப்படிப்பட்ட ஊரில் கருத்தடை முறையொன்றைத் தொடங்கும் பெண்ணுக்கு, அதன் நன்மை தீமை முழுவதையும் முதல் நாளே விளக்கிவிட வேண்டும்.

மூன்று மாத ஊசியை எடுத்துக்கொள்வோம். முதல் மாதங்களில் இரத்தப்போக்கு முன்பின்னாக வரும். போகப்போக மாதவிலக்கே நின்றுவிடுவதும் உண்டு. அது அந்த மருந்தின் இயல்பு, பெரும்பாலும் பயப்பட ஏதுமில்லை. இதைச் சொல்லாமல், அட்டையில் திகதியை எழுதி, "மூண்டு மாசத்தால வாங்கோ" என்று அனுப்பிவைத்தால் என்ன நடக்கும்? மாதவிலக்கு வராதவள் பிள்ளை தங்கிவிட்டதோ என்று பதறுவாள். "ரத்தம் உள்ளுக்க கட்டிப்போச்சு" என்பாள் அயலவள். "இனிப் பிள்ளையே தங்காது" என்பார் மாமியார். அடுத்த ஊசிக்கு அவள் வரமாட்டாள். பிறகு அவளை அக்கறையற்றவள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இது ஊகமல்ல. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் இதே ஊசியைப் பெற்ற பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2001இல் வெளியானது. பக்கவிளைவுகளை முன்கூட்டியே விரிவாகக் கேட்டறிந்தவர்களில் ஓராண்டுக்குள் நிறுத்தியவர்கள் 17 வீதம். வழமையான ஓரிரு வார்த்தையோடு அனுப்பப்பட்டவர்களில் 43 வீதம். மருந்து ஒன்றுதான். சொன்ன விதம் வேறு.

தீவுக்கென்று சொல்லவேண்டியவையும் உண்டு. ஊசியின் திகதி தவறினாலும் நான்கு வாரம் வரை போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். படகு ஓடாத வாரத்தில் இது தெரிந்த பெண் நிம்மதியாக இருப்பாள். தெரியாதவள் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுவாள். ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம் என்பதையும், லூப்பையோ கையில் வைக்கும் குச்சியையோ எடுக்க எங்கே போகவேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

தமிழரின் தொகை குறைந்துவருவதாகச் சொல்லி, இந்தக் காலத்தில் கருத்தடையை வலியுறுத்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களின் தாய்மார், சரியான விளக்கமின்றியும் வற்புறுத்தியும் தமக்குக் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறையிட்டதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: விபரம் அறிந்து, வேறு முறைகளையும் ஒப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு ஒரு பெண் எடுக்கும் முடிவே அத்தகைய வற்புறுத்தலுக்கு எதிரான காவல். மூன்று பிள்ளை வேண்டுமென்பவள் பெறட்டும். இப்போது வேண்டாம் என்பவளை அரைகுறைப் பேச்சோடு அனுப்பி, எதிர்பாராத கர்ப்பத்தில் சிக்கவைப்பதுதான் அநியாயம். தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையில் இருக்கும் நாட்டில், அவள் எங்கே போவாள்?

யாழ். பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை சிலவற்றை உறுதிசெய்ய வேண்டும். தீவிலேயே தங்கிப் பணியாற்றும் குடும்பநல உத்தியோகத்தர் இல்லாமல் ஒரு மாதமும் கழியக்கூடாது. கிளினிக்கில், வரிசையில் நிற்பவர்களின் காதுக்கு எட்டாத ஓர் அறை வேண்டும். அப்படி ஓர் அறை இல்லாவிட்டால், எல்லோரும் உறவினரான ஊரில் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஊசி போட்ட முதல் மாதத்திலேயே வீடு தேடிச்சென்று விசாரிக்க வேண்டும். லூப்பையோ குச்சியையோ "எடுத்துவிடுங்கோ" என்று கேட்டு வருபவளைக் கடியாமல் எடுத்துவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கோடு, ஓராண்டு கழித்தும் விரும்பித் தொடர்பவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் அடுத்த ஆண்டிலிருந்து பணிமனை கேட்கவேண்டும்.