குழந்தையின் பக்கத்தில் ஒருவர்



நீங்கள் ஒரு நீதிபதி என்று சற்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கையில் காயம். தாய் அடித்தாள் என்கிறது அரசுத் தரப்பு. தவறி விழுந்தது என்கிறாள் தாய். அரசுக்கு வழக்கறிஞர் உண்டு, தாய்க்கும் உண்டு. குழந்தைக்கு இருப்பதோ ஒரு கோப்பு மட்டுமே. அதனைத் தாயிடமிருந்து பிரிப்பதா, திருப்பி அனுப்புவதா என்று இன்றே சொல்லியாக வேண்டும்.

அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகரில் நீதிபதியாயிருந்த டேவிட் சூக்கப் என்பார் இத்தகைய வழக்குகளில் போதிய செய்தி அறியாமலே தீர்ப்பளிக்க நேர்வதை எண்ணி வருந்தினார். குழந்தைக்காக மட்டும் பேசப் பொதுமக்களிலிருந்தே சிலரைப் பயிற்றுவித்தால் என்ன என்ற எண்ணம் 1976-இல் அவருக்கு எழுந்தது. நாலைந்து பேர் வந்தால் போதும் என்று மதிய உணவு வேளையில் ஒரு கூட்டத்திற்கு ஏற்பாடு செய்தார். சென்று பார்த்தபோது 50 பேர் காத்திருந்தனர்! 1977-இல் பணி தொடங்கிற்று. பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைச் சேர்த்து இத்தொண்டர்களைக் 'காசா' என அழைக்கின்றனர். பெயரில் காசு இருப்பினும் அவர்கள் கூலியாகக் காசு எதுவும் பெறுவதில்லை.

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை அந்நாட்டில் வளர்ப்பு இல்லத்தில் தங்கவைக்கப்படுகிறது. இது தத்தெடுப்பு அன்று, தற்காலிக ஏற்பாடு. ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லம், ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளி என்று குழந்தை அலைக்கழிக்கப்படுவதுண்டு. பொறுப்பான அலுவலரும் மாறுவார். அவர் கையில் வேறு பல குழந்தைகளின் கோப்புகளும் இருக்கும். தொண்டருக்கோ பொதுவாக ஒரு குழந்தை, அல்லது ஒரே வீட்டு உடன்பிறப்புகள். ஏறத்தாழ 30 மணி நேரப் பயிற்சிக்குப்பின் நீதிபதி அவரை நியமிக்கிறார். அவர் குழந்தையைத் தவறாது சென்று காண்கிறார். ஆசிரியை, மருத்துவர், பெற்றோர், வளர்ப்போர் அனைவரிடமும் பேசுகிறார். அண்ணனையும் தங்கையையும் ஏன் வெவ்வேறு இல்லங்களில் வைத்தீர்கள் என்று கேட்கிறார். கண்டதை எழுதி நீதிபதியிடம் கொடுக்கிறார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை ஓர் நற்செயல் என்று பாராட்டிவிட்டு மேலே சென்றிருப்பேன். என்னைச் சிந்திக்கவைத்தவை அவர்களுக்குரிய தடைகளே. தொண்டர் அக்குழந்தையைத் தம் வீட்டிற்கு அழைத்துச் செல்லலாகாது. பணமோ விலையுயர்ந்த பரிசோ கொடுக்கலாகாது. நம் நெஞ்சுக்கு இது கொடுமையாகத் தோன்றும். பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கொடுப்பவரை மகிழ்விக்கவே குழந்தை பேசத் தொடங்கும். கொடுக்க இயலாத தாய் அதன் கண்முன் சிறுத்துப்போவாள். தொண்டருக்கும் அக்குழந்தை தம்முடையது என்ற எண்ணம் மெல்லத் தலைதூக்கும். பின்னர் அவர் எழுதும் அறிக்கையை எவ்வாறு நம்புவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. "அம்மாவிடமே போகிறேன்" என்கிறது குழந்தை. அங்கே ஆபத்து நீங்கவில்லை என்று தொண்டர் கருதுகிறார். அப்போது குழந்தை சொன்னதையும் தாம் கருதுவதையும் அவர் தனித்தனியே நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொன்னால் குழந்தையின் குரலாயிருக்க வந்தவரே அதன் வாயை அடைத்தவராவார்.

இத்திட்டத்தைக் குறைகூறுவோரும் அமெரிக்காவில் உளர். வசதியான வீட்டிலிருந்து வரும் தொண்டர் ஏழையின் வீட்டைக் கண்டு, வறுமையையே புறக்கணிப்பு என்று எழுதிவிடுகிறார் என்பது அவர்கள் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, குளிக்காத பிள்ளைகளைக் கண்டு அவர்தம் தாயை நானே கடிந்துகொண்டதுண்டு. அத்தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது திரும்பும் வழியில்தான் தெரிந்தது. நான் எழுத வேண்டிய அறிக்கை எதுவும் இல்லாதது அவளது நற்பேறு. ஒரே பாயில் மூன்று பிள்ளைகள் உறங்குவதைக் காணும் தொண்டர், அத்தாய்க்கு வேலை நேரம் எது, அவ்வேளையில் பிள்ளைகளுக்குத் துணை யார் என்றும் கேட்டாக வேண்டும். தேவைப்படுவது இன்னொரு பாய் என்றால், அதையே எழுத வேண்டும்.

வழக்கு ஓராண்டுக்கு மேலும் நீளலாம். இறுதியில் குழந்தை தாயிடமே திரும்பலாம். உறவினரிடமோ, தத்தெடுப்போரிடமோ செல்லலாம். நீதிபதி வழக்கை முடித்தவுடன் தொண்டரின் நியமனமும் முடிகிறது. கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டிற்குச் செல்கிறார். மறுமாதம் அக்குழந்தையைக் காண அவருக்கு எவ்வித உரிமையும் இல்லை.