நீர் ஆண்டும் ஆற்று மண்ணும்

2022 சீனப் புத்தாண்டுக்குக் கெர்லிங் மளிகைக்கடைத் தவுக்கே வழக்கம்போல நாள்காட்டி கொடுத்தார். "இது தண்ணீர்ப் புலி ஆண்டு, பார்த்து இரு" என்று மலாயில் எச்சரித்தார். சிலாங்கூரை வெள்ளம் புரட்டிப்போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கும் பயம்தான்.

கடகம், விருச்சிகம், மீனம் நீர் ராசிகள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் சீனரின் ஐந்து பூதங்களில் காற்றும் ஆகாயமும் இல்லை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். உலோகம் நீரைப் பெறும், நீர் மரத்தை வளர்க்கும், மண் நீரை அடக்கும். 2, 3 என்று முடியும் ஆண்டுகள் நீருக்கு உரியவை. 2-இல் முடிவது 'ரென்', அதாவது கடல், பேராறு. 3-இல் முடிவது 'குவெய்', அதாவது பனித்துளி, தூறல்.

இந்தக் கணக்கை எங்கள் பக்கத்து ஊரில் வைத்துப் பார்த்தேன். கோலகுபுவில் அணை உடைந்து ஊரை அடித்துப்போனது 1883 அக்டோபரில். நீர் ஆண்டுதான், ஆனால் தூறல் ஆண்டு! அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, உடைந்த அணை என்றே பெயர். மறுபடி பெருவெள்ளம் வந்தது 1926-இல். அது நெருப்புப் புலி. 2021 வெள்ளத்துக்கு, 'உலோக ஆண்டு நீரைப் பெற்றது' என்று தவுக்கே விளக்கம் சொல்லலாம். 1926-க்கு என்ன சொல்வார்?

காரணம் ஆற்றுக்குள் கிடந்தது. மேலே ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் படுகையை மேடாக்க, தண்ணீர் ஊருக்குள் ஏறியது. கடைசியில் ஊரையே கைவிட்டு, மேட்டில் கோலகுபு பாருவைக் கட்டினார்கள். மண் நீரை அடக்கும் என்பது கரையில் இருக்கும் மண்ணுக்குத்தான் பொருந்தும்.

கெர்லிங் ஆறும் சிலாங்கூர் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. மேலே எங்காவது காட்டை வெட்டியிருந்தால், ஒரு மழைக்கே தே தாரிக் நிறத்தில் ஓடும். கையை விட்டு எடுத்தால் விரலிடுக்கில் மாவுபோல மண் ஒட்டும். அதைப் பார்த்துவிட்டு நாள்காட்டியைப் புரட்ட எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த நீர் ஆண்டு 2032. அதுவரை காத்திருக்காதீர்கள். ஆறு நிறம் மாறினால் அன்றே படமெடுத்து, தேதியோடு வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கு அனுப்புங்கள்.