கரை சேர்ந்த பின்



மயிலை லஸ் பகுதியிலுள்ள பிரகாச மாதா ஆலயத்தில் 1516 என்னும் ஆண்டைப் பொறித்த கல் உண்டு. கடலில் திசையறியாது தத்தளித்த போர்த்துக்கீசியருக்குக் கரையில் ஓர் ஒளி வழி காட்டியது என்றும், அது மறைந்த இடத்தில் அன்னைக்குக் கோயில் எழுப்பினர் என்றும் மரபு கூறும். புயலில் மன்றாடுவது எவர்க்கும் இயல்பு. கரை சேர்ந்த பின்னும் இறைவனை நினைத்தார்களே, அதுவன்றோ விசுவாசம்!

நம் நிலை என்ன? அண்மையில் திருப்பலிக் கருத்துகள் எழுதும் குறிப்பேட்டைப் புரட்டினேன். நோய் நீங்க, வேலை கிடைக்க, இறந்தோர் இளைப்பாற எனப் பக்கங்கள் நிறைந்திருந்தன. நன்றிக்கென எழுதியவை மிகச் சில. உங்களைக் குறைகூற எண்ணினேன்; என் செபமும் அவ்வாறே என்பது உடனே உறைத்தது.

இயேசு பெருமான் தம் முதற் புதுமையைக் கானாவூர்த் திருமண வீட்டில் செய்தார். அங்கு நோயில்லை, சாவில்லை; விருந்தில் இரசம் தீர்ந்ததே குறை. நம் மகிழ்ச்சியும் அவர் கண்ணுக்குச் சிறிதன்று. குணமடைந்த தொழுநோயாளர் பதின்மருள் ஒருவனே திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேரைத் தேடியவரும் அவரே.

ஆகவே மகப்பேறு, தேர்வில் வெற்றி, புதுமனை புகுதல், மணநாள் எதுவாயினும் குடும்பமாகக் கூடி முதலில் நன்றி கூறுங்கள். கடன்பட்டு விருந்து வைக்க வேண்டா. உள்ளதில் ஒரு பங்கை ஏழை அயலாரோடு பகிருங்கள்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், அன்று பெற்ற ஒரு மகிழ்ச்சியை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். சிறுவர் தொடங்கட்டும். நானும் என் அறையில் தொடங்குகிறேன்.