'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்

எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும், விடிய விடிய மூட்டை சுமந்தவள்போலத்தான் எழுந்திருப்பேன். ஆறு வருடம் அப்படி. காலையில் தலைவலி, எந்நேரமும் சில்லிட்ட கைகால். தைராய்டு பார்த்தார்கள், ரத்தசோகை பார்த்தார்கள், மனச்சோர்வுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். "எலும்பும் தோலுமா ஆயிட்டியேடி, நேரத்தோட படுத்துத் தூங்கேன்" என்பாள் அம்மா. தூங்கத்தான் செய்தேன்.

ஓர் ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி, ராத்திரி முழுக்கத் தூங்கவைத்துச் சோதித்தார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. ஆட்டோவில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நோய் இல்லையென்றால் குறை என்னிடம்தான் என்று ஆகிவிடுகிறதே.

அதே ரிப்போர்ட்டை வேறொரு காது மூக்கு தொண்டை டாக்டர் நிதானமாகப் புரட்டினார். மூச்சு 10 விநாடியாவது நின்றதும் வெகுவாகக் குறைந்ததும் எத்தனை தடவை என்றுதான் அதில் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணிக்கை மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் ஸ்லீப் ஆப்னியா இல்லை என்பது கணக்கு. எனக்கு மூச்சு நிற்கவே இல்லை. தொண்டையில் வழி குறுகி, சின்ன ஸ்ட்ராவில் கூழை உறிஞ்சுவதுபோல நெஞ்சு இழுத்து இழுத்துப் பாடுபட்டிருக்கிறது. அந்தப் பாடு பொறுக்காமல் மூளை சில விநாடி விழித்து, மறுபடி தூக்கத்தில் விழும். ஆக்சிஜன் இறங்குவதற்குள் விழிப்பு வந்துவிடும். காலையில் எதுவும் நினைவிருக்காது.

இதற்கு அப்பர் ஏர்வே ரெசிஸ்டன்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கில்லெமினோ 1993-ல் இதை விவரித்து எழுதினார். உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்தால் துல்லியமாகத் தெரியும். அதைச் செய்கிற இடங்கள் மிகக் குறைவு. ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

முதலில் சீபேப் மெஷின். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி, தொண்டை வழியைத் திறந்து வைக்கும். பலருக்கு அது பெரிய வரம். எனக்கோ மூச்சை வெளியே விடும்போது அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இரண்டு மாதம் போராடினேன். பிறகு பல் டாக்டர் அளவெடுத்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து நிறுத்தும் சாதனம் செய்து கொடுத்தார். ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் வாரம் தாடை வலித்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தினோம்.

உங்கள் ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்று வந்து, களைப்பு மட்டும் போகாமலிருந்தால், தூக்கம் மணிக்கு எத்தனை தடவை கலைந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

சாதனம் மாட்டத் தொடங்கிய ஆறாவது வாரம், ஒருநாள் விடிகாலையில் தானாகவே விழிப்பு வந்தது. தலை வலிக்கவில்லை. அடுப்பங்கரையில் டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து வந்து, "என்னடி, அதுக்குள்ள எழுந்துட்டியா?" என்றாள்.