மோதிய வண்டிக்குச் சாரதியின் சம்பளமா ஈடு?



தோட்டத்தில் பெயர்ப்பதிவு கிடைக்காத நமது பிள்ளைகளில் பலர் இன்று சாரதிகளாகவும் உதவியாளர்களாகவும் பிழைக்கிறார்கள். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து மரக்கறியை ஏற்றிக்கொண்டு கப் வாகனத்திலும் பட்டா லொறியிலும் வடக்கே போகிறார்கள். கரட்டும் லீக்ஸும் கோவாவும் அங்கே இறங்குகின்றன. கருவாடும் பனங்கட்டியும் திரும்பி வருகின்றன. யாழ்ப்பாணச் சந்தையோடு ஓட்டம் முடிவதில்லை. பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு எனத் தீவகக் கடைகள் வரை போகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் போகும் நமது குடும்பங்களும் அதே வேலணை வீதியால்தான் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேருகின்றன. ஆகவே அந்த வீதியில் ஒரு வண்டி மோதினால் அது நமக்குத் தூரத்து ஊர்ச் செய்தி அல்ல.

இப்படி ஒரு மோதலை எடுத்துக்கொள்வோம். இரவு முழுக்க வண்டி ஓட்டி வந்த பையன் விடிகாலையில் வேலணை வங்களாவடிச் சந்தியை நெருங்குகிறான். பக்கத்து ஒழுங்கையிலிருந்து விளக்கில்லாமல் ஓர் உழவு இயந்திரம் வீதிக்கு ஏறுகிறது. பிரேக் பிடித்தும் பயனில்லை. கப் வாகனத்தின் இடதுபக்க முன்பகுதி நொறுங்கிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் வீதியில் ஓடுகிறது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றுமில்லை. பையன் முதலாளிக்குப் போன் எடுக்கிறான். மறுமுனையில் வரும் பதில் நம்மில் பலருக்குப் பழக்கமானது: “பொலிஸுக்குப் போகாதே. அந்த ஆளோடு பேசி முடி. எப்படியாவது வண்டியை ஓட்டிக்கொண்டு வா. செலவைப் பிறகு பார்ப்போம்.”

இந்தப் ‘பிறகு பார்ப்போம்’ என்ற சொல்லைத்தான் நாம் பார்க்க வேண்டும். மாதம் முடிந்து சம்பளம் வாங்கப் போகும்போது அதன் அர்த்தம் விளங்கும். திருத்தச் செலவு இரண்டு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இரண்டு இலட்சம் என்பது 148 நாள் வேலை. மகன் ஓட்டிய வண்டிக்காகத் தாய் 148 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். கடன் தீரும்வரை அவன் அந்த முதலாளியை விட்டு வேறு இடம் போகவும் முடியாது.

இது நமக்குப் புதியதல்ல. நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடன் ஒரு துண்டுக் கடதாசியில் இருக்கும். அந்தக் கடனை அடைக்கிறவர் வந்தால்தான் அவன் வேறு தோட்டத்துக்குப் போகலாம். கடனோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய முறை அது. 1921 இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு திருத்துமிடத்து பில் ஒன்று அதே துண்டாக நமது பிள்ளைகளின் கழுத்தில் தொங்குவதை நாம் ஏற்க முடியாது. வேலையில் நடந்த மோதலின் திருத்தச் செலவு தொழிலின் செலவு. டீசலும் டயரும் போல அதுவும் வண்டியால் இலாபம் காண்பவரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதையும் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. அனுமதித்த கழிவுக்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கும் சம்பளச் சபை உண்டு. ‘வண்டியை உடைத்தாய், ஆகவே பிடித்துக்கொண்டேன்’ என்பது முதலாளியின் வாய்க்கணக்கு. எந்தக் கழிவு செல்லும், எது செல்லாது என்பதை முடிவு செய்ய வேண்டிய இடம் தொழில் திணைக்களம். ஆகவே நடந்த கலவரத்தில் நீட்டப்படும் வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ‘நானே செலவை ஏற்கிறேன்’ என்று எழுதிய கடிதத்திலும் வைக்காதீர்கள். சம்மதம் என்று பிறகு காட்டப்படுவது அந்தக் கையெழுத்துத்தான்.

ஆள் காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022 இல் அது திருத்தப்பட்டது. நட்டஈட்டின் உச்சத்தொகை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. சாரதிக்கு மட்டுமல்ல, பின்னால் மூட்டையோடு வரும் உதவியாளருக்கும், தோட்டத்து டிரக்டரில் மலைக்கு ஏற்றிச் செல்லப்படும் நமது பெண்களுக்கும் இது பொருந்தும்.

முதல் ஒரு மணித்தியாலம்

பிறகு வரும் எல்லாத் தகராறும் முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. ஆள் காயப்பட்டிருந்தால் 1990 இலவச அம்பியூலன்ஸ், பொலிஸுக்கு 119. வண்டியை நகர்த்துமுன் போனில் படம் எடுங்கள்: இரண்டு வண்டிகளும் நிற்கும் நிலை, இலக்கத் தகடுகள், வீதியில் பதிந்த டயர் தடம், உடைந்த கண்ணாடி கிடக்கும் இடம், மற்ற வண்டியின் காப்புறுதிச் சான்று. பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வையுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்குமுன் வண்டியை எடுத்துவிட்டால், கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடலாம்.

சிறு கீறலைக் காப்புறுதி ஆட்களோடு முடித்துக்கொள்ளலாம். ஆள் காயப்பட்டாலோ, யார் பிழை என்று வாக்குவாதம் வந்தாலோ பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் நகரக் கூடாது. வேலணையில் என்றால் ஊர்காவற்றுறைப் பொலிஸில் தமிழில் வாக்குமூலம் கொடுக்கலாம். நுவரெலியாவிலோ தம்புள்ளையிலோ நடந்தால் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். 1987 இன் 13 ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. குறைந்தது, எழுதியதை விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். வழக்கு வரக்கூடிய விபத்தில் மோட்டார் வாகனப் பரிசோதகர் வண்டியைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர் பார்த்து முடிக்கும்வரை திருத்த வேலையில் கை வைக்கக் கூடாது. பிரேக் சரியாக இருந்ததா என்பதற்கு அந்த வண்டிதான் சாட்சி.

காப்புறுதியில் உள்ள பொறி

காப்புறுதி இருக்கிறது என்று முதலாளி சொன்னால் எந்தக் காப்புறுதி என்று கேளுங்கள். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அதில் நம் வண்டியைத் திருத்த ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி இருந்தால்தான் வரும். அதிலும் உரிமையாளர் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு இருக்கிறது. பழைய வண்டி என்றால் புதிய பாகத்தின் விலையில் தேய்மானம் கழிப்பார்கள்.

இன்னொரு பொறி அண்மைக் காலத்தில் வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தது. பழைய கப் வாகனத்துக்கும் தங்கம் போல விலை ஏறியது. ஆனால் பலர் காப்புறுதியில் வண்டியின் பெறுமதியைப் பழைய தொகையிலேயே விட்டுவிட்டார்கள். நாற்பது இலட்சம் பெறும் வண்டியை இருபது இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், பல ஒப்பந்தங்களில் திருத்தச் செலவிலும் பாதிதான் கிடைக்கும். தவணைக் காசில் மிச்சம் பிடித்தவர் முதலாளி. மீதிப் பாதியைச் சாரதியின் சம்பளத்தில் தேடுவது எந்த நியாயம்? காப்புறுதி நிறுவனம் அநியாயமாக மறுத்தால் காப்புறுதி குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம் என்பதையும் உரிமையாளருக்குச் சொல்லுங்கள்.

திருத்தம் என்றால் பெயின்ட் அல்ல

‘எப்படியாவது ஓட்டிக்கொண்டு வா’ என்ற கட்டளை உயிருக்கு ஆபத்தானது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர். அதன்பிறகு மலை ஏற்றம் இருக்கிறது. கப் வாகனத்தின் கெபினும் பின்தட்டும் ஒரு செசியின் மேல் பூட்டப்பட்டவை. வெளித்தகட்டை டிங்கர் அடித்துப் பளபளப்பாக்கினாலும் உள்ளே செசி வளைந்திருக்கலாம். இதைப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. கெபினுக்கும் பின்தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். நேர் வீதியில் ஒருவரை ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராமல் நண்டு நடை நடந்தால் செசி போய்விட்டது. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அதுவும் எச்சரிக்கைதான்.

வளைந்த செசியை அளவு பிடித்து இழுத்து நேராக்க வேண்டும். சூடாக்கி அடித்து ஒட்டுப்போட்டால் இரும்பின் பலம் போய்விடும். பாகங்கள் விலையேறியதால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகம் வாங்கிப் போடுகிறார்கள். கதவு, பொனட், பம்பர் பழையதாக இருக்கட்டும். பிரேக், ஸ்டியரிங் பாகங்களும் ஆசனப்பட்டியும் பழையதாக இருக்கக் கூடாது. தீவகத்தில் இன்னொரு பகையாளி உப்புக்காற்று. மோதி பெயின்ட் உரிந்த இடத்தில் துரு உடனே பிடிக்கும். வேலணையில் பட்ட அடியைத் தகரம் தட்டி, உள்ளே துருவைச் சுரண்டாமல் பெயின்ட் பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலத்தில் இரும்பு உள்ளிருந்து தின்னப்படும்.

திருத்தி வந்த வண்டியைச் சாரதி பொறுப்பேற்குமுன் என்னென்ன மாற்றப்பட்டன என்ற பட்டியலைக் கேட்கட்டும். மலை வீதியில் பிரேக் தவறினால் என்ன நடக்கும் என்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 உயிர்கள் போனதை மலையகம் மறக்கவில்லை.

‘பிழை சாரதியுடையதாக இருந்தால்?’

இந்தக் கேள்வியை முதலாளிமார் மட்டுமல்ல, நம்மவர்களும் கேட்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்காகச் சங்கம் வாதாடாது. வீதிச் சட்டத்தை மீறியதற்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டம் அவனுடையது. ஆனால் இரவு முழுக்க ஓட்டச் சொல்லி, விடியுமுன் சந்தையில் சரக்கு இறங்க வேண்டும் என்று நேரம் குறித்தவர் யார்? தேய்ந்த டயரை மாற்றாமல் அனுப்பியவர் யார்? வேலையின்போது வேலையாள் விட்ட தவறுக்கு மூன்றாம் ஆளிடம் வேலை கொடுத்தவரும் பொறுப்பு என்பது சட்டத்தில் நிலைத்த கொள்கை. ஓட்டம் நன்றாக முடிந்த நாட்களின் இலாபத்தில் சாரதிக்குப் பங்கு இல்லை. மோதிய நாளின் நட்டத்தில் மட்டும் எப்படிப் பங்கு வரும்?

சங்கம் செய்ய வேண்டியது

கொழுந்து பறிப்பவர், பால் வெட்டுபவர் மட்டும்தான் அங்கத்தவர் என்ற எண்ணம் மாற வேண்டும். லயத்திலிருந்து போய் வண்டி ஓட்டும் பிள்ளையும் நமது தொழிலாளிதான். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பகுதிச் சாரதிகளையும் உதவியாளர்களையும் பதிவு செய்யட்டும். வேலைக்குச் சேரும்போதே மூன்று விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: வண்டிக்கு எந்தக் காப்புறுதி, மோதினால் திருத்தச் செலவு யாருடையது, தூர ஓட்டத்தில் எத்தனை மணித்தியாலம் ஓய்வு. அதன் பிரதி ஒன்று கமிட்டித் தலைவரிடம் இருக்கட்டும். சம்பளத்தில் கழிவு விழுந்தால் சம்பளச் சிட்டையோடு உடனே தோட்டத் தலைவரிடம் வாருங்கள். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதுவது சங்கத்தின் வேலை.

நயினாதீவுக்கும் மடுவுக்கும் கதிர்காமத்துக்கும் கூட்டாகப் போகும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். ஆளுக்குச் சில நூறு ரூபா குறைகிறது என்று சரக்கு வண்டியில் ஏறாதீர்கள். பொருள் ஏற்றும் வண்டி என்று எழுதிய காப்புறுதியில், பின்தட்டில் இருந்த ஆளுக்கு நட்டஈடு கேட்டுப் போனால் இழுபறிதான் மிச்சம். வாடகை பேசுமுன் காப்புறுதிச் சான்றையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரின் வண்டி நமக்கு வேண்டாம்.

நசுங்கிய தகரத்தை நிமிர்த்தப் பணம் வேண்டும். அது காப்புறுதியிடமும் உரிமையாளரிடமும் இருக்கிறது. அதை நமது பிள்ளையின் சம்பளத்தில் தேட விடக் கூடாது. துண்டை ஒழித்த மக்கள் நாம். அது வேறு பெயரில் திரும்பி வந்தால் அடையாளம் கண்டு, கையெழுத்து வைக்க மறுத்து, ஒன்றாக நிற்போம்.