ஒன்பதாவது பங்கு



எங்கள் வீட்டில் அவித்த முட்டையை நூலால்தான் அறுப்பார்கள். கத்தி பட்டால் மஞ்சள்கரு ஒட்டிக்கொண்டு பங்கு குறைந்துவிடும் என்று, அம்மா தையல் நூலை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து அறுப்பார். ஆறு பிள்ளைகள், பாட்டி, அப்பா, அம்மா என ஒன்பது பேர். முட்டை நான்கு. எட்டுப் பாதிகள் எட்டுத் தட்டுக்கும் போய்ச் சேரும். ஒன்பதாவது பங்கு எங்கே என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்பாவின் சம்பளம் இருபதாம் தேதியைத் தாண்டாது. ஆனாலும் நாங்கள் பசியோடு படுத்ததில்லை. சம்பளம் வந்ததும் அம்மா முதலில் வாங்கி வைப்பது பருப்பைத்தான். "அரிசி பசியை அடக்கும், பருப்புதான் பிள்ளையை வளர்க்கும்" என்பார். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவதை அரிசி ஈடுகட்டுகிறது என்று பிற்பாடு படித்தபோது அம்மாவின் கணக்கு எனக்குப் புரிந்தது.

கொள்ளு வேகவைத்தால் ஒரே அடுப்பில் இரண்டு பதார்த்தம். வடித்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு துவையலாகும். காலையில் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூடக் கிடையாது. பள்ளிவிட்டு வந்தால் வேர்க்கடலையும் வெல்லமும். எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம் உள்ள வேர்க்கடலையை விட்டுவிட்டு, பத்து ரூபாய்க்குக் காற்றடைத்த பாக்கெட் வாங்கித் தரும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

இன்றைய குடும்பங்களுக்கு அன்று எங்களுக்கு இல்லாத சில கைத்தாங்கல்கள் உண்டு. 2011 முதல் தமிழக ரேஷன் கடைகளில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். சத்துணவில் முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது. இவற்றை வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம். அரிசியில் மிச்சமாகும் பணம் காய்க்கும் கீரைக்கும் போகட்டும்.

ஆனால், இந்தச் சிக்கனத்தின் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? எங்கள் அம்மா எல்லாரும் எழுந்த பிறகுதான் உட்காருவார். குழம்பில் காய் இருக்காது, சட்டியைத் துடைத்த சோறுதான். நாற்பது வயதில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தார். "உடம்பில் ரத்தமே இல்லை" என்றார் மருத்துவர். எட்டுப் பேரை நன்றாக வளர்த்த கை, ஒன்பதாவது ஆளைப் பட்டினி போட்டிருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

இது பழைய கதை அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. காரணங்கள் பல, கடைசியாகச் சாப்பிடும் வழக்கமும் அவற்றுள் ஒன்று.

பணம் கேட்காத சில மாற்றங்களைச் சொல்கிறேன். பரிமாறத் தொடங்குவதற்கு முன்பே அம்மாவின் பங்கைத் தனியாக எடுத்து மூடி வையுங்கள். முருங்கைக்கீரைச் சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள்; கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். டீ இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். இரவிலாவது எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். கண்ணெதிரே ஒரு தட்டு காலியாக இருந்தால் பிள்ளைகள் கேட்பார்கள்.

அம்மா தேறி வந்த பிறகு பாட்டி நூலை எடுத்து வைத்துவிட்டார். நான்கு முட்டையில் நிறைய வெங்காயம் அரிந்து போட்டுப் பொடிமாஸ் கிளறினார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒன்பது பங்கு.

உங்கள் வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை பங்கு வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்