கொடுக்க ஓர் அளவு, மீட்க வேறோர் அளவு

திவால் சட்டம் 2016 மே மாதம் நிறைவேறியபோது, அதன் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்காகவும் கூட்டாண்மை நிறுவனங்களுக்காகவும் எழுதப்பட்டது. 2019 டிசம்பர் 1 அன்று அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவந்தவர்கள், நிறுவனக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த திருத்த மசோதாவில் நிறுவனக் குழுமங்களின் திவாலுக்கும் எல்லை தாண்டிய திவாலுக்கும் இடம் கிடைத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவரும் ஆவடியில் குழுக் கடன் வாங்கிய பெண்ணும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். இதை ஏற்க முடியாது.

அவர்களுக்கென்று எழுதிவைத்திருப்பதும் என்ன? கடனிலிருந்து விடுபட அந்தப் பகுதி தரும் 'புதிய தொடக்கம்' கேட்பவரின் ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சொந்த வீடு கூடாது. அதாவது மாத வருமானம் 5,000 ரூபாய். பூந்தமல்லியில் அது வாடகைக்கே சரியாகப் போய்விடும். கடன் கொடுக்கும்போது மட்டும் கணக்கு வேறு. 2022 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது நுண்கடன்; மாத வருமானத்தில் பாதிவரை தவணைக்கே போகலாம். ஒன்று குடும்பக் கணக்கு, மற்றது தனியாள் கணக்கு என்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி அடையாது. கடன் கொடுக்கும்போது ஏழையாக இருந்தவள், கட்ட முடியாமல் போனதும் வசதிக்காரி ஆகிவிடுகிறாளா?

குழுக் கடனில் ட்யூ நாளன்று ஒருத்தி கட்டவில்லையென்றால், குழுவின் மற்றவர்கள் அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வசூலுக்கு வந்தவர் நோட்டை மூடாமல் காத்திருப்பார். அவள் இன்னொரு குழுவில் எடுத்து இதற்குக் கட்டுவாள். அதுவும் முடியாதபோது தண்டல், அப்புறம் மீட்டர் வட்டி. யாரும் வந்து கேட்காத 180 நாள் அவகாசம் திவால் சட்டத்தின் அந்த மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அது இவளுக்கு இல்லை.

மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் மாநிலம் சட்டம் கொண்டுவந்தது நல்லதே. ஆனால் அது மிரட்டலைத்தான் தடுக்கும், கடனைக் குறைக்காது.

ஆவடிக்காரர் ஐ.பி. எனும் திவால் மனு கொடுக்க இன்றும் நம்ப வேண்டியது 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தை. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு தெருவில் தலைநிமிர்ந்து நடக்க எத்தனை பேரால் முடியும்? பழைய திவால் சட்டங்களை ஒன்றாக்கிச் சீர்படுத்தச் சொல்லி 1964இலேயே சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது. அரை நூற்றாண்டு அது தூங்கியது. 2009இல் கடன் ஆலோசனை மையங்களுக்குத் திட்டம் போட்டார்கள். மூன்றே ஆண்டில் அவற்றை நிதிக் கல்வி மையங்களாக மாற்றி, சேமிப்பின் அருமையைப் போதிக்க விட்டார்கள். கழுத்துவரை கடனில் நிற்பவருக்கு அந்தப் பாடம் எதற்கு? கடன் செயலிகளின் தொல்லை தாங்காமல் 2020இல் உயிர்கள் போயின. விதிமுறை வர 2022 செப்டம்பர் ஆனது. பெரும் நிறுவனம் சாயும்போது காட்டும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இவர்களுக்குக் காட்டியிருக்கிறார்களா?

வரம்புகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே, கூச்சமில்லாமல் போய்க் கேட்கும்படி உதவி கிடைக்க வேண்டும். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட ஒரு பகுதியை அமலாக்க அறிவிக்கை எப்போது வரும் என்பதையாவது பொறுப்பில் இருப்பவர்கள் சொல்லட்டும்.